துருத்தி மேல் வைத்த கை

புதுக்கடையிலிருந்து இனயம் போகும் பாதையோரத்துச் சபைக் கோயிலில் ஆபேலைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் ஞாயிறு ஆராதனையின்போது அவனைப் பார்த்தவர்களும் கிடையாது. பீடத்துக்கு இடப்புறம் ஆர்கன். ஆர்கனுக்குப் பின்னால் ஒரு சிவப்புத் திரை. அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு பெரிய மரத்துருத்தியும் அதன் கைப்பிடியைப் பிடித்தபடி ஆபேலும். அவன் காற்று அடித்தால்தான் ஆர்கனின் குழல்கள் வாய் திறக்கும்.

சீமையில் எவரோ ஒரு அம்மாள் தன் கணவன் நினைவாகக் கப்பலேற்றி அனுப்பிய சின்ன ஆர்கன் அது. ஆபேலுக்கு முன் இரண்டு பேர் அந்தத் துருத்தியில் இருந்து பார்த்தார்கள். ஒருவன் பிரசங்கத்தில் தூங்கிவிடுவான். மற்றவன் அடிக்கிற அடியில் பாட்டு விக்கல் எடுத்தது போல வரும். ஆபேல் தென்னை நாரில் கயிறு முறுக்குகிறவன். முறுக்குகிறவன் கை ஒரே சீராகப் போகும் என்று யாரோ சொல்ல, 1917-ஆம் ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு அவனைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அப்போது அவனுக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது.

ஆர்கன் வாசித்தவர் யேசுரத்தினம் சார். சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஒல்லியான ஆள், நல்ல சங்கீத ஞானம், கெட்ட வாய். பாட்டு இழுத்தால் அவருக்குப் பொறுக்காது. சபையார் கடைசிச் சரணத்தை இழுத்துப் பாடினால் பல்லைக் கடிப்பது திரைக்குப் பின்னால் கேட்கும்.

ஆபேல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணத்தில், பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வரும் நேரம் பார்த்துக் காற்று தீர்ந்துபோனது. ஜன்னல் வழியே மாப்பிள்ளையின் குதிரை வண்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். ஆர்கன் ஒரு முனகல் முனகி ஓய்ந்தது. கோயில் முழுக்கச் சிரிப்பு. சார் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏலே, செத்துப் போனியா? காத்து எங்கலே?"

அவ்வளவுதான் கேட்டார். அன்றைக்குப் பிறகு ஆபேல் காற்றைக் குறையவிட்டதே இல்லை.

அவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு ஏற்பாடு தானாக உருவாயிற்று. துருத்தியின் மேல்பலகையில் இரண்டு கருங்கற்கள் இருக்கும். காற்றின் அழுத்தம் அந்தக் கற்களின் கனத்தைப் பொறுத்தது. கடைசிச் சரணம் வரும்போது சார் குதிகாலால் ஆர்கனின் அடிப்பலகையில் இரண்டு தட்டு தட்டுவார். ஆபேல் வலது கையால் அடித்துக்கொண்டே இடது கையைப் பலகை மேல் வைத்து அழுத்துவான். குழல்கள் ஒரேயடியாக நிமிர்ந்து கத்தும். தூங்கி வழிந்த சபை விழித்துக்கொண்டு வேகம் பிடிக்கும். ஆர்கன் செய்தவன் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான். சுருதி சற்றே ஏறிப்போகும். சாருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. தட்டினால் கை வரவேண்டும். இருபது வருஷம் தட்டினார். இருபது வருஷமும் கை வந்தது.

மற்றபடி அவர்கள் பேசிக்கொண்டது குறைவு. ஆராதனை முடிந்ததும் சார் முன்வாசல் வழியே பாராட்டு வாங்கிக்கொண்டு போவார். ஆபேல் பின்வாசல் வழியே வேர்வையைத் துடைத்துக்கொண்டு போவான். "ஒரு நாளு நீ முன்னால இருந்து கேக்கணும்லே, நான் வேற ஆளப் போடுதேன்" என்று சார் அவ்வப்போது சொல்வதுண்டு. வேறு ஆள் அகப்படவில்லை. ஆபேலும் கேட்டு வற்புறுத்தவில்லை.

1936 வாக்கில் சாரின் கால்கள் வீங்கத் தொடங்கின. செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். அவர் மனைவி நேசம்மாள் கஞ்சியில் உப்புக் கருவாட்டைக் குறைக்கவே இல்லை. அது இல்லாவிட்டால் அவர் கஞ்சிச் சட்டியைத் தொடமாட்டார்.

அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி. மத்தியானம் கழிந்த நேரம். பாட்டு பாதியில் நின்றது. நிற்கச் சொல்லி யாரும் சொல்லாததால் ஆபேல் அடித்துக்கொண்டே இருந்தான். துருத்தி நிரம்பி, பலகை மேலே முட்டி நின்றது. அப்போதுதான் சாரின் மகள் ஞானபாய் அலறும் சத்தம் கேட்டது. திரையை விலக்கிப் பார்த்தான். சார் ஆர்கன் கட்டைகள் மேல் கவிழ்ந்து கிடந்தார். வாயில் இளஞ்சிவப்பாக நுரை. மூச்சு கொதிக்கும் பானை போலக் கொறகொறத்தது.

வில்வண்டியில் போட்டுப் புதுக்கடைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் ஜான்ரோஸ் சென்னையில் படித்துவிட்டு வந்து, சந்திக்கு மேற்கே பத்துக் கட்டில் போட்டு ஓர் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். ஊசி போட்டார். நெஞ்சுக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கத் தொடையிலும் கையிலும் துணி வரிந்து கட்டினார். கை நரம்பைக் கீறிக் கொஞ்சம் ரத்தம் எடுத்தார். கொறகொறப்பு அடங்கவில்லை.

அவரிடம் இன்னொரு சாதனமும் இருந்தது. சீமையில் ஒரு டாக்டர், வீட்டுத் தூசியை உறிஞ்சும் மின்சார இயந்திரத்தை மாற்றிப் பூட்டி, அது ஊதும் காற்றை முகமூடி வழியாக இதய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததாக மருத்துவப் பத்திரிகையில் படித்திருந்தார். புதுக்கடையில் மின்சாரம் ஏது? கொல்லனிடம் ஒரு துருத்தி செய்ய வைத்தார். தகரப் புனலின் விளிம்பில் சைக்கிள் டியூப்பை ஒட்டி முகமூடி. வெளிவிடும் மூச்சுக்கு அதில் ஒரு சின்ன ஓட்டை. காற்றின் அழுத்தத்தைக் காட்ட, வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர். தண்ணீர் எதுவரை ஏறலாம் என்பதற்கு ஒரு சிவப்பு நூல். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அடிக்கும் ஆளைத் தவிர. ஆஸ்பத்திரி வேலைக்காரர்கள் உலையை ஊதுகிறது போல ஊதினார்கள். முதல் நோயாளி முகமூடியைப் பிய்த்தெறிந்துவிட்டார்.

வராந்தாவில் நின்ற ஆபேல் உள்ளே எட்டிப் பார்த்தான். துருத்தியைக் கண்டான்.

"டாக்டரே, நான் அடிக்கட்டா? எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான்."

டாக்டர் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு பலகை மேல் இரண்டு செங்கல் வைத்தார். "தண்ணி இந்த நூலைத் தாண்டப்பிடாது. குறையவும் பிடாது."

ஆபேல் அடித்தான். கட்டிலுக்கு எதிரே நின்று, சாரின் முகத்தைப் பார்த்தபடி அடித்தான். அந்த முகம் முதலில் நீலமாக இருந்தது. கண் பிதுங்கியிருந்தது. சார் முகமூடியைத் தள்ளப் பார்த்தார். ஞானபாய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். குழாய்த் தண்ணீர் நூலை ஒட்டி அசையாமல் நின்றது. மெல்ல மெல்ல நெஞ்சின் துள்ளல் குறைந்தது. கொறகொறப்பு தேய்ந்தது. விளக்கேற்றும் நேரத்துக்கு உதட்டில் ரத்தச் சிவப்பு திரும்பியது. சார் கண்ணை மூடிக்கொண்டார், தூக்கத்துக்காக.

டாக்டர் ஆபேலின் தோளில் கை வைத்தார். யாரும் அவனை அப்படித் தொட்டதில்லை.

"ஆபேலு, நீ செஞ்சது என்னன்னு உனக்குத் தெரியணும்" என்றார் டாக்டர். "இதயம் தண்ணி இறைக்கிற ஆளு மாதிரி. சாருக்க ஆளு தளந்துட்டான். வாற தண்ணிய இறைச்சு விட முடியல்ல. அது பின்னால தேங்கி நுரையீரல்ல ஊறுது. நாம காத்த அழுத்தி விட்டா, ஊறுன தண்ணி பின்வாங்கும். நெஞ்சுக்கு வாற மடையும் கொஞ்சம் அடையும். தளந்தவனுக்கு வேலை குறையும்."

"அப்ப மடைய நல்லா அடைச்சா இன்னும் நல்லதில்லியா?"

"முழுசா அடைச்சா அவன் எத இறைப்பான்? இறைக்க ஒண்ணும் இல்லாம நின்னுருவான். காத்து குறைஞ்சா ஆபத்து. கூடினா அதவிட ஆபத்து."

ஆபேல் தலையாட்டினான். குறைந்தால் ஆபத்து என்பது அவனுக்குத் தெரிந்த சங்கதி. கூடினால் ஆபத்து என்பதை முதல்முறையாகக் கேட்டான்.

அதன் பிறகு தினமும் மாலையில் கொஞ்ச நேரம் காற்று கொடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஆபேல் கயிற்றுக் களத்திலிருந்து நேரே வந்துவிடுவான். இருபது வருஷத்தில் பேசாததையெல்லாம் சார் அந்த நாட்களில் பேசினார்.

"ஏலே ஆபேலு, உனக்க மூஞ்சி இப்பிடியா இருக்கும்? நான் வேற யாரையோ இல்லா நெனச்சு வச்சிருந்தேன்."

"சாரே, பேசப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அவரு சொல்லுவாரு. நான் பேசாம கெடந்தா, போயிட்டேன்னு நெனச்சு இவ ஒப்பாரிய ஆரம்பிச்சுருவா."

"ஆமா, நான் அதுக்குன்னே காத்துக் கெடக்கேன்" என்றாள் நேசம்மாள், உப்பில்லாத கஞ்சியைக் கலக்கியபடி.

"கேட்டியா ஆபேலு? கருவாட்டையும் நிறுத்திட்டா. இனி என்னத்துக்கு மூச்சு விடணும், சொல்லு."

வீட்டில் ஆபேலின் மனைவி பூங்கனியும் தன் பங்குக்கு அவனைக் கிண்டல் செய்தாள். "ஆர்கனுக்கு ஊதினிய, இப்ப ஆளுக்கும் ஊதுதிய. நாளைக்கு எனக்க அடுப்புக்கும் கொஞ்சம் ஊதிட்டுப் போங்க."

ஆபேல் சிரித்தான். அந்த நாட்களில் அவன் அடிக்கடி சிரித்தான்.

செய்தி பரவிவிட்டது. துருத்தி வைத்து உயிர் ஊதுகிறார்களாம் என்று சந்தைக்கு வந்தவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கட்டிலுக்கு அப்பாலிருந்த ஆஸ்பத்திரி ஜன்னலில் தொற்றினார்கள். முட்டத்திலிருந்துகூட ஒரு கூட்டம் வந்தது. அவர்கள் சாரைப் பார்க்கவில்லை, ஆபேலைப் பார்த்தார்கள். அவன் கையை, தோளை, அடிக்கும்போது வாய் கோணுவதை. ஒருவன் அதே போல வாயைக் கோணிக் காட்ட, ஜன்னலே சிரித்தது. திரைக்குப் பின்னால் வாழ்க்கையைக் கழித்தவனுக்கு அது தாங்கவில்லை. தண்ணீர் இரண்டு முறை நூலைவிட்டு இறங்கியது.

"டாக்டரே, எனக்கும் கட்டிலுக்கும் நடுவ ஒரு திரை கட்டித் தருவியளா? ஆளு பாத்தா எனக்குக் கை ஓடல்ல."

டாக்டர் யோசித்தார். குழாய் ஆபேலின் பக்கத்தில்தான் இருக்கிறது. அவன் பார்க்கவேண்டியது தண்ணீரை மட்டும். ஒரு கோடித் துணியைக் கயிற்றில் போட்டுக் கட்டச் சொன்னார். கை மறுபடி சீராயிற்று. சாரின் முகம் ஆபேலுக்குத் தெரியாமல் போயிற்று.

இதற்குள், நீர் பிரிய அந்நாளில் போட்ட பாதரசம் கலந்த ஊசி வேலை செய்து, சாரின் உடம்பிலிருந்த நீரெல்லாம் இறங்கிவிட்டது. கால்கள் குச்சியாயின. ஒரு மாலை, இனயத்தில் பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று ஆள் வர, டாக்டர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது பலகையிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்துக் கீழே வைத்தார். சிவப்பு நூலையும் இறக்கிக் கட்டினார்.

"இன்னைக்கு ஒரு கல்லு மட்டும். உடம்பில தண்ணி வத்தியாச்சு. நெஞ்சுக்கு வரத்தே இப்ப கொஞ்சந்தான். அதையும் நாம அடைச்சிரப்பிடாது. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு டாக்டரே."

விளங்கத்தான் செய்தது. பின்னாளில் ஆபேல் தன்னைத்தானே கேட்டுக்கொண்டபோதெல்லாம், விளங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

அன்று சபையார் ஜெபிக்க வந்தார்கள். நோயாளி கட்டிலைச் சுற்றி நின்று பாடிவிட்டு ஜெபிப்பது வழக்கம். ஆஸ்பத்திரி என்பதால் தணிந்த குரலில் தொடங்கினார்கள். தணிந்த குரல் தானாகவே இழுத்தது. ஒவ்வொரு சரணமும் முந்தியதைவிட மெதுவாக, சுமை ஏற்றிய வண்டி மேட்டில் ஏறுவது போல. நர்ஸ் மறுகோடியில் ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். ஞானபாய் கட்டிலின் கால்மாட்டில், திரை முடியும் இடத்தில் நின்றாள். அங்கிருந்து அவளுக்குத் தகப்பனும் தெரிவார், ஆபேலும் தெரிவான்.

கடைசிச் சரணம் வந்தது.

திரைக்கு அப்பால் கட்டிலின் மரச்சட்டத்தில் இரண்டு தட்டு கேட்டது. விரல் முட்டியால் தட்டியது. சத்தம் மெலிந்திருந்தாலும் தாளம் அவருடையதுதான்.

ஆபேலின் இடது கை பாதி தூரம் போய் நின்றது. தண்ணீரைப் பார்த்தான். நூலை ஒட்டி நின்றது. டாக்டரின் சொல் காதில் இருந்தது.

மறுபடி இரண்டு தட்டு. முகமூடிக்குள்ளிருந்து அடைத்த குரல்: "காத்து... ஆபேலு, காத்து."

அவர் காற்றைத்தான் கேட்டார். கேட்டால் கொடுப்பது தவிர வேறொன்றையும் அந்த மனிதருக்கு அவன் செய்ததில்லை. ஒரு சரணம்தானே, முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தான். கை பலகைமேல் போயிற்று. அழுத்தினான்.

தண்ணீர் நூலைத் தாண்டி ஏறியது. பாட்டு நடந்தது. வழக்கம் போலச் சரணம் முடியும்வரை அழுத்திப் பிடித்திருந்தான். இடையில் திரை சற்று அசைந்தது. ஞானபாய் அவன் கையைப் பார்ப்பது தெரிந்தது. அவளுக்கு அது கோயிலில் பழகிய கை. ஒன்றும் தோன்றவில்லை போலும். பார்வையைத் தகப்பன் பக்கம் திருப்பினாள்.

"அப்பா?" என்றாள். பிறகு, "அப்பா."

ஆமென் பாதியில் நின்றது. ஆபேல் கையை எடுத்துவிட்டுத் திரையை விலக்கினான். சாரின் முகம் நீலமாக இல்லை. முதல் நாள் கண்ட முகம் அல்ல அது. சுண்ணாம்பு போல வெளுத்து, நெற்றி முழுக்க வேர்த்து, கண் பாதி மூடியிருந்தது. நர்ஸ் ஓடிவந்து முகமூடியைக் கழற்றி, தலையணைகளை உருவி, அவரைக் கிடத்திக் காலை உயர்த்தினாள். மணிக்கட்டில் நாடி தேடினாள். மேலே மேலே தேடிக்கொண்டு போனாள்.

டாக்டர் ஜான்ரோஸ் திரும்பி வந்தபோது நேசம்மாளின் ஒப்பாரி சந்திவரை கேட்டது.

அவர் முதலில் போய்ப் பார்த்தது துருத்தியை. பலகைமேல் ஒரு கல்தான் இருந்தது. ஆபேல் பின்பக்கக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான்.

"கை வச்சேன் டாக்டரே" என்றான்.

 டாக்டர் பக்கத்தில் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்தார்.

"அவரு கேட்டாரா?"

"கேட்டாரு."

"கேப்பாரு. நெஞ்சு தளந்தவனுக்கு எவ்வளவு காத்து குடுத்தாலும் போதாதுன்னுதான் தோணும். அதுக்குத்தான் நூலு கெட்டுனது. அந்தத் திரைக்கு நான் சம்மதிச்சிருக்கப்பிடாது. நீ மொகத்தப் பாத்துட்டு நின்னிருந்தா கைய எடுத்திருப்ப."

"சார் பொழச்சிருப்பாரா டாக்டரே?"

"தெரியாது. அந்த இதயம் நெடுநாள் ஓடியிருக்காது. ஒரு மாசம் ஓடியிருக்கலாம். கிறிஸ்துமஸ் பாத்திருக்கலாம். எனக்குத் தெரியாது ஆபேலு. தெரியும்னு சொன்னா அது பொய்."

பொய் சொல்லியிருந்தால் ஆபேலுக்கு உதவியாக இருந்திருக்கும். அந்த ஒரு மாதம் அவனுக்குள் உட்கார்ந்துவிட்டது. அதற்குள் சார் பேசியிருக்கக்கூடியதை, திட்டியிருக்கக்கூடியதை, கருவாடு கேட்டு நேசம்மாளோடு சண்டை போட்டிருக்கக்கூடியதை எல்லாம் கயிறு முறுக்கும்போது நினைத்துக்கொண்டிருந்தான். பூங்கனி கிண்டல் செய்வதை விட்டுவிட்டாள்.

ஆர்கனைத் தொட சபையில் வேறு ஆள் இல்லை. தகப்பனிடம் கற்றிருந்த ஞானபாய்தான் கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு உட்கார்ந்தாள். வெள்ளைச் சேலை, சிவந்த கண். ஆபேல் பின்வாசல் வழியே வந்து திரைக்குப் பின்னால் நின்றான். வரவேண்டாம் என்று யாராவது சொல்வார்கள் என்று வழியெல்லாம் எதிர்பார்த்திருந்தான். யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது, டாக்டருக்குத் தெரியும், அவர் சொல்லவில்லை. ஞானபாய்க்குத் தெரியுமா என்பதுதான் அவன் அறியாதது. அவள் கண்டது ஒரு கையை மட்டும். அந்தக் கை என்ன செய்தது என்று டாக்டரிடம் கேட்டிருப்பாளா? துருத்தி எப்படி வேலை செய்கிறது என்பது ஆர்கன் வாசிப்பவளுக்குத் தெரியாமலா போகும்?

ஒரு தீர்மானத்தோடுதான் அன்று வந்திருந்தான். அவள் தட்டினாலும் கை வைப்பதில்லை. மரக் குழல்களுக்கு அதனால் ஒரு கேடும் வராது என்று தெரியும். இருந்தாலும் அந்தக் கையைப் பலகைமேல் கொண்டுபோக அவனால் முடியாது. அவள் கேட்டால் காரணம் சொல்லிவிடுவது. சொன்ன பிறகு அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

பாட்டு தொடங்கியது. அவள் விரல் தகப்பனுடையதைவிட மென்மை. ஒவ்வொரு சரணமாக வந்தது. சபை இழுக்க ஆரம்பித்தது; யேசுரத்தினம் சார் இருந்தால் பல்லைக் கடித்திருப்பார். ஆபேல் வலது கையால் அடித்துக்கொண்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு, தட்டுக்காகக் காதைத் தீட்டி நின்றான்.

கடைசிச் சரணம் வந்தது. அடிப்பலகையில் சத்தமே இல்லை.

அவள் மறந்துவிட்டாள் என்று முதலில் நினைத்தான். அடுத்த பாட்டிலும் தட்டவில்லை. புத்தாண்டு ஆராதனையிலும் இல்லை. சின்ன வயதிலிருந்து தகப்பனின் குதிகாலைப் பார்த்து வளர்ந்தவள் அவள், மறக்க வழியில்லை. ஆராதனை முடிந்து எதிர்ப்பட்டால், "வாறேன் மாமா" என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு வைத்திருந்ததை அவனும் சொல்லவில்லை.

வயலின் கற்ற ததேயுஸ் என்கிற புதிய வாத்தியார் ஒருமுறை அவளிடம், "கடைசிச் சரணத்தில ஆர்கன் கொஞ்சம் ஏறி நின்னா சபை இழுக்காதில்லா?" என்று கேட்டது திரைக்குப் பின்னால் தெளிவாகக் கேட்டது.

"இந்தக் காத்து போதும் சார்" என்றாள் ஞானபாய்.

ஆபேல் பலகைமேல் இருந்த இரண்டு கருங்கற்களையும் நேராக்கி வைத்துவிட்டுப் பின்வாசல் வழியே இறங்கினான்.